மொட்டுக்குக் குளிரெடுத்த நாள்

இன்னும் கொஞ்சம் அருகில் வாருங்கள், செல்லங்களே. கதவோரம் ஒட்டிக்கொண்டு நிற்பவரும்தான். இங்கே இடம் இருக்கிறது. குளிரைப் பற்றிய கதை சொல்லப்போகிறேன், அதை நடுங்கிக்கொண்டு கேட்க வேண்டாம். ஒரு மனுஷர், ஒரு செடி, வாயில் வர மறுத்த ஒரு கேள்வி. அவ்வளவுதான் கதை. ஆனால் கேட்டு முடிக்கும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பாவது இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், டுலூத் என்ற ஊரில், பெரிய ஏரியைப் பார்த்துச் சரிந்து இறங்கும் தெரு ஒன்றில் ஆர்வித் நைகார்டின் வீடு. முப்பத்தோரு வருஷம் அதே தெருக்களில் தபால் போட்டவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை நிலவறைக்குள் இறங்கியவர், சாப்பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் தவிர மேலே வரவேயில்லை என்று அவர் மனைவி மார்லிஸ் சொல்வாள். அது கொஞ்சம் மிகை. தொலைக்காட்சியில் ஹாக்கி இருந்தாலும் வருவார்.

கீழே என்ன வைத்திருந்தார் என்றால், ஆர்கிட். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் மூன்றடுக்கு அலமாரி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் ஒரு கூடாரம். உள்ளே முப்பத்தைந்து தொட்டிகள். தலைக்கு மேல் தினம் பதினான்கு மணி நேரம் விளக்கு எரியும். தட்டுகளில் கூழாங்கல்லும் தண்ணீரும், மூலையில் மெல்லச் சுற்றும் ஒரு விசிறி. நிலவறை எப்போதும் கிணற்றடி மாதிரி சில்லென்றிருக்கும். கூடாரத்துக்குள் மட்டும் எழுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட், நம் ஊரில் மழை விட்ட சாயங்காலம் போல இதம். மேலே மார்லிஸ் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஏனென்றால் வீட்டுச் சூட்டை அறுபத்திரண்டுக்கு மேல் திருப்ப ஆர்வித்துக்கு மனசு வராது.

"என்னையும் ஒரு தொட்டில நட்டு அந்தக் கூடாரத்துல வெச்சுடேன், ஆர்வித்," என்பாள். "நானும் கொஞ்சம் சூடா இருந்துக்கறேன்."

"உனக்கு வேர் அழுகிடும், மார்லிஸ். நீ ஒரு நாளைக்கு எட்டு தடவ காபி குடிக்கிற."

நாற்பத்து நான்கு வருஷமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இருவருக்கும் வேறு பாஷை தெரியாது.

முப்பத்தைந்தில் ஒன்றுதான் இந்தக் கதையில் வருகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை ஆர்கிட்டின் மகரந்தத்தைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, கருஞ்சிவப்பு ஒன்றில் வைத்தவர் ஆர்வித். மாவுத்தூள் மாதிரி விதை வந்தது. அதை விதை முளைக்கவைப்பவர்களுக்கு அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நகக்கண் அளவு நாற்றுகள் திரும்பி வந்தன. சில செத்தன, சில தெரிந்தவர்களுக்குப் போய் அங்கே செத்தன. ஒன்று மட்டும் தங்கியது. இந்த மார்கழியில் அது முதல் தடவையாகத் தண்டு நீட்டி, ஐந்து மொட்டு விட்டிருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் இதுவரை ஒருவர் கண்ணிலும் படாத பூ. ஆர்வித் தினமும் காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் போய் அந்த மொட்டுகளைப் பார்த்துவிட்டு வருவார்.

இதில் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுவரை கூடாரத்தில் எரிந்தவை நீளமான பழைய குழல் விளக்குகள். போன இலையுதிர் காலத்தில், மூன்று மாதம் யோசித்து, அவற்றைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினார். வெளிச்சம் பிரமாதம். ஆனால் பழைய விளக்குகள் வெளிச்சத்தோடு சூடும் கொடுத்துக்கொண்டிருந்தன; அது அவை போன பிறகுதான் தெரிந்தது. ஒரு சின்ன மின் ஹீட்டரைக் கூடாரத்தில் வைத்து ஈடுகட்டினார். மார்லிஸிடம் இதைப் பற்றி அவர் பேசவில்லை. மார்லிஸும் பேசவில்லை, பேசாமலே எப்படிச் சிரிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. காலையில் சமையலறையில் மார்லிஸ் காபிக் கோப்பையோடு நின்று சொன்னாள்: "ஆர்வித், என் மூச்சு எனக்கே தெரியுது."

"சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"ஃபர்னஸ் நின்னுபோச்சு."

ஆர்வித் கீழே ஓடினார். வீட்டையே சூடாக்கும் அந்தப் பெரிய உலை, மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தட்டினார், பொத்தானை அழுத்தினார், கெஞ்சினார். பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டால், ஊரில் பாதி உலைகள் இன்றைக்கென்று பார்த்து நின்றிருக்கின்றன, நாளை மத்தியானம்தான் வர முடியும் என்றார்.

வீட்டில் இருந்ததோ அந்த ஒரே சின்ன ஹீட்டர். அது இப்போது சமையலறைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குழாய் உறைந்து வெடித்து, வீடே ஏரியாகிவிடும். ஆர்வித் ஹீட்டரைக் கூடாரத்திலிருந்து எடுத்துக்கொண்டு படியேறினார். தொட்டிலிலிருந்து போர்வையை உருவியவர் மாதிரி அவர் முகம் இருந்தது. அதற்குப் பதிலாக வெந்நீர்ப் பைகளைக் கொண்டுபோய் வைத்தார், பழைய போர்வைகளைக் கூடாரத்தின் மேல் போட்டார். வெப்பமானி அறுபத்தெட்டு காட்டியது. அரை மணியில் அறுபத்தைந்து.

"எதுவரைக்கும் தாங்கும்?" என்று மார்லிஸ் படியிலிருந்து கேட்டாள்.

"மத்ததெல்லாம் தாங்கிக்கும். மொட்டு தாங்காது. ஐம்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா மஞ்சளாகி உதிர்ந்துடும்."

அவள் கேலி எதுவும் சொல்லவில்லை. அதிலேயே நிலைமை அவருக்குப் புரிந்தது.

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு டெல்ஃபின். தெற்கே வெயில் சீமையான லூசியானாவிலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், இந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம். குளிருக்குப் பயந்து தன் வீட்டைச் சித்திரை மாதம் மாதிரி வைத்திருப்பவள். கையில் மூடி போட்ட ஒரு தட்டு.

"மிஸ்டர் ஆர்வித், உங்க வீட்டுப் புகைபோக்கில ஆவியே வரலியே! ஃபர்னஸ் போச்சா? எங்க வீடு அடுப்பாக் கொதிக்குது. நீங்களும் மிஸ் மார்லிஸும் கெளம்பி வாங்க. உங்க செடியெல்லாமும் தூக்கிட்டு வாங்க, எடம் கெடக்கு."

ஆர்வித்தின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவர் வாய் சொன்னது: "அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? நாங்க சமாளிச்சுடுவோம்."

"நெசமாவா, கண்ணு? எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"இல்லல்ல, பரவாயில்லங்க. பழக்கந்தானே."

இப்படிச் சொல்லிவிட்டு ஆர்வித் காத்திருந்தார். எதற்கு என்கிறீர்களா? மூன்றாவது தடவைக்கு. அந்த ஊரில் யாரும் முதல் தடவைக்குத் தலையாட்ட மாட்டார்கள். அது பேராசை. இரண்டாம் தடவைக்கும் மறுப்பார்கள், எதிராளி வாய்வார்த்தைக்குக் கேட்கிறாரா மனசாரக் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாம் தடவை கேட்டால்தான், ‘அப்படிச் சொல்றீங்கன்னா, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா’ என்று இழுத்துக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள். நாமும் இதில் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் வயிற்றைத் தடவிக்கொண்டு ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்று சொல்லாதவர் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

டெல்ஃபின் கையிலிருந்த தட்டை ஒருமுறை பார்த்தாள். "சரி, மிஸ்டர் ஆர்வித்," என்று சொல்லி, தட்டோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

கதவு மூடிய சத்தம் கேட்டு மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "எங்க அவ?"

"போயிட்டா."

"மூணாவது தடவ கேக்கலியா?"

"கேக்கல."

"ரெண்டோட நிறுத்திட்டாளா?" மார்லிஸ் நெஞ்சில் கை வைத்தாள். "அவங்க ஊர்ல எத்தன தடவ?"

"ஒண்ணு போலிருக்கு."

வெப்பமானி அறுபத்திரண்டு.

சரி, போய்க் கேட்டுவிட்டு வந்தால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். முப்பது அடி தூரம். ஆனால் தானாகப் போய் உதவி கேட்பது ஆர்வித்துக்கு, நடுத்தெருவில் உள்ளாடையோடு நிற்பது மாதிரி. அவர் அப்பா பனிப்புயலில் கால் ஒடிந்து கிடந்தபோதுகூட, தேடி வந்தவர்களிடம் ‘அவசரமில்லை’ என்றாராம். அந்த வம்சம்.

அதனால் ஆர்வித் ஒரு யுக்தி செய்தார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் டெல்ஃபின் வீட்டு வாசற்படியைப் பெருக்க ஆரம்பித்தார். அவள் பார்ப்பாள், புரிந்துகொள்வாள், விட்ட இடத்திலிருந்து மூன்றாவது தடவை கேட்பாள். மூக்கு நுனி மரத்துப்போகும் வரை பெருக்கினார். கதவு திறந்தது.

"மிஸ்டர் ஆர்வித்! அங்க பனியே இல்லியே! நான் காலையிலயே கூட்டிட்டேனே!"

"இல்ல... சும்மா... யாராச்சும் வரும்போது வழுக்கிடப்போகுதேன்னு."

"யாரு வரும்போது?"

ஆர்வித் யோசித்தார். "தபால்காரர்," என்றார்.

"அய்யோ பாவம், ஒங்க நல்ல மனசு! உள்ள வந்து ஒரு வாய் காபி குடிங்க."

இங்கேதான் அவர் தடுக்கி விழுந்தார், செல்லங்களே. அழைப்பு வந்துவிட்டது, உள்ளே போயிருக்கலாம், உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஆனால் இது காபிக்கான அழைப்பு. காபிக்கு இது முதல் தடவை. எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து.

"வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்," என்றார்.

"சரி கண்ணு," என்று கதவைச் சாத்தினாள்.

மார்லிஸ் சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னா?"

"காபி குடிக்கக் கூப்பிட்டா."

"நீ?"

ஆர்வித் துடைப்பத்தை அதன் இடத்தில் மிகக் கவனமாகச் சாய்த்து வைத்தார். மார்லிஸ் கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காத. நீதான் கேளேன்."

"இதோ கேக்கறேன். இதுல என்ன இருக்கு?" மார்லிஸ் போனை எடுத்தாள். டெல்ஃபினிடம் குளிரைப் பற்றிப் பேசினாள். காற்றைப் பற்றிப் பேசினாள். போன வருஷக் குளிருக்கும் இந்த வருஷக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி நெடுநேரம் பேசினாள். பத்து நிமிஷம் கழித்து, "சரிம்மா, சூடா இரு," என்று வைத்துவிட்டாள்.

"கேட்டியா?"

"பேச்சு அந்தப் பக்கம் திரும்பவேயில்ல."

"நீதானே திருப்பணும்!"

"நானாத் திருப்பினா நல்லாவா இருக்கும்?" என்றாள் மார்லிஸ். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்வித் நாலாவது தடவையாக வெந்நீர்ப் பை மாற்றப் போனார். வெப்பமானி ஐம்பத்தேழு. கூடாரத்துக்குள் குனிந்து, தண்டின் அடியில் இருந்த மொட்டை விரல் நுனியால் தொட்டார். நேற்று வரை பச்சையாக, இறுக்கமாக இருந்தது. இப்போது காம்போரம் வெளிறி, மஞ்சள் ஓடியிருந்தது. சில்லென்றிருந்தது. மற்ற நான்கும் அப்படியே நின்றன, இன்னும் பச்சையாக.

ஏழு வருஷம். அது என்ன நிறம் என்று தெரியாமலே போய்விடும்.

ஆர்வித் படியேறினார். கோட்டின் பொத்தானைக்கூடப் போடவில்லை. "எங்க போற, தொப்பி!" என்று மார்லிஸ் கத்தினாள். அவர் தெருவைக் கடந்து டெல்ஃபின் வீட்டு மணியை அழுத்தினார். கதவு திறந்ததும், வாய் பழைய பாதையில் ஓடிவிடுமோ என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்:

"என் செடிக்குக் குளிருது. மொட்டு உதிர ஆரம்பிச்சிருச்சு. உங்க வீட்ல அதுக்கு எடம் வேணும். எனக்கும் மார்லிஸுக்கும்கூட வேணும். கேக்க வெக்கமா இருக்கு, ஆனா கேக்கறேன்."

கண்ணைத் திறந்தார். டெல்ஃபின் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அப்புறம் ஏன் காலையில ரெண்டு தடவ வேண்டாம்னீங்க?"

"மூணாவது தடவ கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"மூணாவதா? ஏன் மூணு?"

மூச்சு எதற்கு விடுகிறோம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? "இங்க அப்படித்தான்," என்றார். "ரெண்டு தடவ வேண்டாம்போம். மூணாவதுக்கு வருவோம்."

டெல்ஃபினின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "எல்லாருமா?"

"தெருவே அப்படித்தான்."

"கடவுளே! ரெண்டு வருஷம், மிஸ்டர் ஆர்வித். ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் சமைச்சு எடுத்துட்டுப் போறேன். ஒருத்தரும் வாங்கல. என்னை யாருக்கும் புடிக்கலன்னு நெனச்சேன். போன மாசந்தான் எங்க அக்காகிட்ட அழுதேன், ஊருக்கே திரும்பி வந்துடறேன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஆர்வித்துக்கு அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவும் நினைவுக்கு வந்தது. உள்ளே எல்லோரும் அந்தத் தட்டு மூன்றாவது தடவை நீளுமென்று எச்சில் விழுங்கிக் காத்திருந்ததும், அது திரும்பிப் போனதும் இவள் என்னமோ ஒரு மாதிரி என்று அவர்கள் பேசிக்கொண்டதும். அவரும்தான் பேசியிருக்கிறார். காது சுட்டது, குளிரால் அல்ல.

"உங்க சமையல் வாசமே எங்களக் கொன்னுது," என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அது.

"சரி சரி, அழுதது போதும், மொட்டு செத்துடப்போகுது," என்று டெல்ஃபின் கார்ச் சாவியை எடுத்தாள். "வண்டிய சூடு பண்ணி உங்க வாசலுக்கே கொண்டாரேன்."

மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகும் பெரிய பெட்டிகளில் வெந்நீர்ப் பையை அடியில் வைத்து, முப்பத்து நான்கு தொட்டிகளும் ஏறின. மொட்டுச் செடி மட்டும் எந்தப் பெட்டிக்கும் அடங்கவில்லை. தண்டு அவ்வளவு நீளம். ஆர்வித் தன் தடித்த குளிர்க்கோட்டுக்குள் தொட்டியை வயிற்றோடு அணைத்து, தண்டைக் கழுத்தோரம் சாய்த்து, ஜிப்பை மேலே இழுத்து மூடினார். காலை அகட்டி அகட்டி, பின்னால் சாய்ந்து, படியிறங்கினார்.

"மெதுவா, மெதுவா," என்று மார்லிஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனாவது மாசம்?"

"பேச வெக்காத. தண்டு ஆடுது."

"எனக்கு ரெண்டு பிரசவம் ஆச்சு. ஒண்ணுக்காவது நீ இப்படி முகத்த வெச்சிருந்தியா?"

டெல்ஃபின் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். முப்பது அடி தூரத்தை அந்தக் கார், ராஜா பவனி மாதிரி, நடை வேகத்தில் கடந்தது.

மறுநாள் உலை சரியாகிவிட்டது. முப்பத்து நான்கு தொட்டிகளும் வீடு திரும்பின. மொட்டுச் செடி திரும்பவில்லை. மறுபடி இடம் மாற்றினால் மிச்ச மொட்டும் போய்விடும். பூத்து முடியும் வரை அது டெல்ஃபினின் கூடத்துச் சன்னலோரம்தான். அடி மொட்டு மூன்றாம் நாள் உதிர்ந்தது. ஆர்வித் அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான்கு நின்றன. தினம் காலையில் முகம் கழுவிவிட்டு, இப்போது கட்டாயம் கழுவ வேண்டியிருந்தது, எதிர்வீட்டுக்குப் போவார்.

டெல்ஃபினும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் தெருவில் யார் வீட்டுக் கதவு திறந்தாலும், தன் ஊர்க் குழம்பான கம்போவைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், "கம்போ வேணுமா, வேணுமா, வேணுமா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுவாள். கேட்டவர்கள் திகைத்துப்போய், என்ன செய்வதென்று தெரியாமல், கிண்ணத்தை நீட்டிவிடுவார்கள்.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"மிஸ்டர் ஆர்வித், ஒண்ணு தெறந்துக்கிச்சு. நான்தான் மொதல்ல பாத்தேன். மன்னிச்சுடுங்க!"

ஆர்வித்தும் மார்லிஸும் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினார்கள். சன்னலில் இன்னும் முழு வெளிச்சம் வரவில்லை. தண்டில் ஒரே ஒரு பூ, உள்ளங்கை அகலம். வெள்ளைக்கும் கருஞ்சிவப்புக்கும் பிறந்தது வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. வெளிறிய மஞ்சள், அதன் மேல் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள்.

மார்லிஸ் மெல்லச் சொன்னாள்: "ஏழு வருஷம். வாழப்பழத் தோலு."

"மிஸ் மார்லிஸ்!" என்றாள் டெல்ஃபின். "எவ்வளவு அழகா இருக்கு!"

ஆர்வித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். அந்தப் பூ அவர் பக்கம் பார்க்கவில்லை. சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் சுற்றிக்கொண்டு போய், சன்னலுக்கும் செடிக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, அதன் முகத்துக்கு நேராக நின்றார். வெகு நேரம் நின்றார்.

"பரவாயில்ல," என்றார் கடைசியில். "மோசமில்ல."

அந்த ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாணத்தன்று மார்லிஸைப் பார்த்தும் அவ்வளவுதான் சொன்னார். அவள் கேலி எதுவும் செய்யாமல், அவர் கோட்டின் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

போய்த் தூங்குங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டுக் குழாய் உறையாதிருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்களுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் தைரியம் உங்களுக்கு வரட்டும், கேட்டதும் திறக்கும் கதவு ஒன்று எதிரிலேயே இருக்கட்டும். நீங்கள் வருஷக்கணக்காகக் காத்து வளர்த்தது எந்த நிறத்தில் பூத்தாலும், அதன் முன்னால் நிற்க உங்கள் குடும்பம் முழுவதும் பக்கத்தில் இருக்கட்டும்.